பூட்ஸ் மேடம் படுத்திருந்த மழைக்காலம்

போன மாதம் பிம்ப்ரியில் பழைய கசார்வாடித் தமிழ்க்காரர்கள் நாம் எல்லாரும் கூடினோமே, அன்றைக்கு உங்களில் பாதிப் பேர் மெட்ரோ படிக்கட்டையும் முழங்கால் வலியையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே வந்து சேர்ந்தீர்கள். சாப்பாடு முடிந்து பழைய கதை பேசிக்கொண்டிருந்தபோது யாரோ கேட்டார்கள்: "கசார்வாடில பூட்ஸ் மேடம்னு ஒரு வெள்ளக்காரம்மா இருந்தாங்களே, என்ன ஆனாங்க?" உடனே ஆளுக்கொரு பதில். சீக்காளி, வந்த வருஷமே கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள் என்றார் ஒருவர். புருஷன் கொடுமை தாங்காமல் அந்த அம்மாவே ஓடிவிட்டார் என்றார் இன்னொருவர். "பாவம்" என்று எல்லாருமாக உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விட்டோம்.

நான் அப்போது வாய் திறக்கவில்லை. மருமகன் காரில் காத்துக்கொண்டிருந்தான். தொடங்கினால் பாதியில் நிறுத்த முடியாத கதை அது. வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை. அந்த இரண்டு பேரையும் பற்றி இத்தனை வருஷம் கழித்தும் தப்பாகவே நினைத்துக்கொண்டிருக்கிறோமே என்று இருந்தது. அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அதனால் நான் சொல்வதுதான் சரி. கண் மங்கியவர்கள் பிள்ளைகளை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வருமா என்பது வேறு விஷயம்.

நாங்கள் குடியிருந்தது பழைய மும்பை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, லேத் பட்டறைக்குப் பின்னால். ஓடு போட்ட ஒரே கூரை, நடுவில் செங்கல் சுவர், அந்தப் பக்கம் ஒரு வீடு, இந்தப் பக்கம் ஒரு வீடு, இப்படியே வரிசையாகப் பல. சுவர் கூரை வரைக்கும் ஏறாது. மேலே ஒரு முழம் இடைவெளி இருக்கும். அந்த வீட்டில் வெங்காயம் வதக்கினால் இந்த வீட்டில் கண் எரியும். அப்பாவுக்குப் பிம்ப்ரி மருந்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அந்த வாசம் ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? புளித்த மாவும் ஈரச் சாக்கும் சேர்ந்த மாதிரி. மழைக்காலத்தில் காற்று நம் பக்கம் திரும்பினால் காயப்போட்ட துணியிலெல்லாம் ஏறிவிடும். அப்பா சட்டையை மோந்து பார்த்தே எந்தப் பகுதியில் வேலை பார்த்துவிட்டு வருகிறார் என்று அம்மா சொல்லுவாள்.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், முதல் மழை பெய்த மறுநாள், அந்தப் பக்கத்து வீட்டு வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. தகரப் பெட்டிகள், சுருட்டிக் கட்டிய கம்பளிகள், ஒரு துணி பிழியும் இயந்திரம். அதற்குப் பின்னால் இரண்டு வெள்ளைக்காரர்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் சொல்லித்தர நியூசிலாந்திலிருந்து ஒரு தம்பதி வருகிறார்கள் என்று முன்பே பேச்சு இருந்தது. அவர் நெட்டையாக, செம்பட்டைத் தலையும் தோல் உரிந்த மூக்குமாக இருந்தார். அந்த அம்மா குட்டை. முழங்கால் வரைக்கும் கறுப்பு ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். சேற்றில் சளக் சளக் என்று நடந்து வந்து அவரே பெட்டியைத் தூக்கினார்.

அம்மா தனக்குத் தெரிந்த நாலு மராத்தி வார்த்தையைத் தயார் பண்ணிக்கொண்டு வாசலில் நின்றாள். அந்த நெட்டை மனிதர் நேராக வந்து கைகூப்பினார்.

"வணக்கம் அம்மையே. தாங்கள் நலமாக இருக்கிறீர்களா? நாங்கள் தங்கள் அண்டை வீட்டார்."

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, இவிய நம்ம பாசைல்லா பேசுதாவ!" என்றாள். பிறகு அவரிடம் திரும்பி, "நாங்க சொகமாத்தான் இருக்கோம். நீங்க எப்பம் வந்திய? காப்பித்தண்ணி குடிக்கியளா?" என்று ஒரே மூச்சில் கேட்டாள்.

அவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். "அம்மையார் எந்த மொழி பேசுகிறார்?"

விஷயம் என்னவென்றால், அவர்களைத் தமிழ்நாட்டில் தெற்கே ஒரு பள்ளிக்கூடத்துக்குத்தான் முதலில் ஒதுக்கியிருந்தார்கள். அதற்காக ஊரில் ஒரு வருஷம் உட்கார்ந்து, இந்தியாவில் இருந்து திரும்பிய ஒரு வயதான பாதிரியாரிடம் தமிழ் படித்திருக்கிறார்கள். கப்பல் பம்பாய் வந்து சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அந்த இடத்துக்கு வேறு யாரோ வந்துவிட்டார்கள், புனேயில் ஆள் இல்லை, அங்கே போங்கள் என்று. இப்படித்தான் மராத்தி பேசுகிற ஊருக்கு, வேதாகமத் தமிழை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். உங்கள் வீடுகளெல்லாம் தள்ளி இருந்தன; எங்கள் வரிசையில் அவர்கள் படித்த மொழியில் பதில் சொல்ல எங்கள் வீட்டை விட்டால் ஆள் இல்லை. எங்கள் வீட்டிலும் திருநெல்வேலித் தமிழ். வாரப் பத்திரிகைத் தொடர்கதையை அம்மா அப்பாவுக்கு உரக்க வாசித்துக் காட்டுவாள். அந்தப் பேச்சு என் காதில் இருந்ததால், அம்மாவின் தமிழை அவர்களுக்குத் தமிழில் மொழிபெயர்க்கிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

அவரை நாம் சார் என்றோம், அந்த அம்மாவை மேடம். மேடத்துக்குச் சின்ன வகுப்பு, சாருக்குப் பெரிய பையன்களின் வகுப்பு. யாரும் யோசித்துப் போட்டதில்லை. ஆம்பிளை என்றால் பெரிய வகுப்பு, பொம்பிளை என்றால் சின்ன வகுப்பு, அவ்வளவுதான். என் அண்ணன் சாருடைய வகுப்பில் இருந்தான். அதனால் வகுப்பில் நடந்ததெல்லாம் அன்றன்றைக்கே எங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

நியூசிலாந்துக்காரர்கள் இங்கிலீஷை எப்படி உச்சரிப்பார்கள் என்று இப்போது நமக்குக் கிரிக்கெட் வர்ணனை கேட்டுத் தெரியும். அப்போது யாருக்குத் தெரியும்? பென் என்பது சார் வாயில் 'பின்' என்று வரும். டெஸ்க், 'டிஸ்க்'. முதல் வாரம் அவர், "எல்லாரும் பின்னை எடுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் வகுப்பு முழுக்க ஊக்கும் குண்டூசியும் கொண்டுவந்து மேசையில் பரப்பி வைத்துவிட்டு முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கழுத்திலிருந்து காது வரைக்கும் சிவந்துபோனது என்று அண்ணன் நடித்துக் காட்டினான். அப்பா கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்த வாரம் யாரோ மேசை டிராயரில் தவளையை வைத்தார்கள். அதற்கடுத்த வாரம் அவர் கரும்பலகையில் எழுதத் திரும்பினாலே வகுப்பு மொத்தமும் தவளை மாதிரிக் கத்த ஆரம்பித்தது.

அவர் சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. எங்கள் பக்கத்து ஓடு சரிந்து சமையல்கட்டில் ஒழுகியபோது, கொட்டுகிற மழையில் அவரே கூரை மேல் ஏறினார். வாயில் விசில். ஓடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, அடியில் இருந்த சட்டத்தைச் செதுக்கிச் சரிபண்ணி, திரும்ப அடுக்கினார். கீழே இறங்கியபோது தலை முதல் கால் வரை பாசி. முகம் அப்படியே விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. ஆட்டுப் பண்ணையில் வளர்ந்தவர், வேலியும் கூரையும் மோட்டாரும் தன் அப்பாவோடு சேர்ந்து பழுது பார்த்தவர் என்று அன்றைக்குத்தான் சொன்னார். அப்பாவுக்கோ மனசு கேட்கவில்லை. "வாத்தியாரு கூரைல ஏறிக் குரங்கு மாதிரி உக்காந்திருந்தா பயலுவ எப்படி மதிப்பானுவ?" என்று அவர் போன பிறகு சொன்னார். அந்த முகத்தைப் பார்த்தும் எங்களில் ஒருத்தருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மேடம் வேறு மாதிரி. அவருக்கு எதற்கும் கூச்சம் கிடையாது. காய்கறிக்காரியிடம் போய், "தாயே, வெண்டைக்காய் என்ன விலை?" என்று தமிழிலேயே கேட்பார். அவள் மராத்தியில் ஏதோ சொல்லிச் சிரிப்பாள். இவரும் சிரிப்பார். நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்லுவேன். சாயங்காலம் என்னைத் தன் வீட்டுப் படியில் உட்கார வைத்து அரிச்சுவடி சொல்லித் தந்தார். ஆமாம், எனக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித் தந்தது அவர்தான். அதுவரைக்கும் நான், "அம்மா, பாஜிவாலி ஆயி ஹை, வாங்கணுமா?" என்று காய்கறிக்காரி வந்ததைக்கூடப் பாதி இந்தியில் சொல்லிக்கொண்டிருந்த பெண். நான் 'பளம்' என்றால் விடமாட்டார். "நாவை மடி. பழம்" என்பார். அவர் நாக்கில் அந்த எழுத்து எண்ணெய் விட்ட மாதிரி வழுக்கும். பெட்டிக்குள் வைத்திருந்த அவருடைய அரிச்சுவடிப் புத்தகத்தில் அந்த வருஷ ஈரத்தில் பச்சையாகப் பூஞ்சை பிடித்தது. விரலால் துடைத்தால் எழுத்தும் சேர்ந்து வரும்.

ஆவணி பிறந்த சமயம் மேடம் திடீரென்று படுத்துவிட்டார். பள்ளிக்கூடம் போகவில்லை. சாயங்காலப் படி காலியாகக் கிடந்தது. ரப்பர் பூட்ஸ் வாசலில் கவிழ்த்து வைத்தது வைத்தபடியே இருந்தது. அதில் ஒரு பூனை குட்டி போட்டது. பிம்ப்ரியிலிருந்து டாக்டர் வந்து பார்த்துவிட்டு, காய்ச்சல் இல்லை, ரத்தம் கொஞ்சம் குறைவு, இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். சார் காலையில் எழுந்து சமைத்து, துணி துவைத்து, அந்த அம்மாவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனார். வரிசை வீட்டுப் பெண்கள் குழாயடியில் வேறு பேச்சே பேசவில்லை. சிலர் முழுகாமல் இருக்கிறாள் என்றார்கள். சிலர் ஊர் நினைப்பு என்றார்கள்.

 அம்மாவுக்கு வேறு ஒரு சந்தேகம் இருந்தது. தினமும் காலையில், அப்பா ஷிப்டுக்குப் போன பிறகு, சுவருக்கு மேல் இடைவெளி வழியாகச் சாருடைய குரல் வரும். "ஸிட் டவுன்! கொயட்! ஸிட் டவுன், ஐ ஸே!" முதலில் மெதுவாக. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் ஏறும். நடுவில் குரல் உடையும். மறுபடி முதலிலிருந்து. அந்த அம்மாவின் குரல் மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை.

"என்னட்டி சொல்லுதான்?" என்று அம்மா என்னைக் கேட்டாள்.

"உட்காரு, பேசாதேன்னு சொல்றார்."

"யார?"

எனக்கு என்ன தெரியும்? மேடத்தைத்தான் என்றேன். அம்மா இட்லிப் பானையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே நின்றாள். அன்றைக்கு ராத்திரி அப்பாவிடம் சொன்னாள். அடுத்தவன் வீட்டு விஷயத்தில் தலையிடாதே என்றார் அப்பா.

அம்மா அன்றைக்குக் கேட்டுக்கொண்டாள். ஒரு வாரம் பொறுத்தாள். ஒரு நாள் காலையில் அந்தக் குரல் வழக்கத்தை விட உரக்கக் கேட்டது. கையில் இருந்த தோசைக் கரண்டியோடு வெளியே போய், பக்கத்து வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

கட்டிலில் மேடம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். சார் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இல்லை. சமையல்கட்டில் கழுத்து டை கட்டி, தலை வாரி, சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு, அலமாரிக் கதவுக்கு முன்னால் நின்றார். கதவில் பின்னக் கணக்கு ஒன்று எழுதியிருந்தது. எதிரே யாரும் இல்லை. வெறும் சுவரைப் பார்த்து, "ஸிட் டவுன், பாய்ஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.  எங்களைப் பார்த்ததும் சாக்பீஸ் கையிலிருந்து விழுந்து உருண்டது.

 அம்மா கரண்டியைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு, "சக்கர இருக்கா, ஒரு டம்ளர்?" என்றாள். நான் மொழிபெயர்த்தேன். அவர் சர்க்கரை டப்பாவை முழுசாக எடுத்து என் கையில் கொடுத்தார்.

அன்றைக்கு அவர் பள்ளிக்கூடம் போன பிறகு, நான் பையை எடுக்கும் முன்பே, எங்கள் பின்கட்டுக் கதவு தட்டப்பட்டது. மேடம். வெறுங்காலோடு, தலையைப் பின்னி முடிந்து, நல்ல ஆரோக்கியமாக நின்றுகொண்டிருந்தார். அம்மா அவரைச் சமையல்கட்டிலேயே பலகை போட்டு உட்கார வைத்தாள்.

"அக்கா, எனக்கு நோய் இல்லை" என்றார் மேடம். "நான் நோயாளி போல் நடிக்கிறேன்."

மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடிச் சொன்னார். பள்ளிக்கூடம் போகிற ஒவ்வொரு காலையும் சார் குளியலறையில் வாந்தி எடுக்கிறார். பையன்கள் முன்னால் நின்றால் பேச்சு நின்றுவிடுகிறது. திரும்பிப் போய்விடலாம் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். புறப்படுகிற அன்றைக்கு அவர்கள் ஊர்ச் சபை மொத்தமும் துறைமுகத்துக்கு வந்து பாட்டுப் பாடி வழியனுப்பியிருக்கிறது. அவருடைய அப்பா தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணியிருக்கிறார். தோற்றுப்போய்த் திரும்பினால் அந்த ஜனங்கள் முகத்தில் அவர் எப்படி விழிப்பார்?

"மனைவிக்கு உடல்நலம் சரியில்லை என்றால், அவரை யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். பெரிய மிஸ் பம்பாய்க்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். மிஷன் தலைவர் வருகிறார். என்னைப் பார்ப்பார். எங்களைத் திருப்பி அனுப்புவார். எல்லாம் முடிந்துவிடும்."

பெரிய மிஸ் என்றது பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. அம்மா அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "அப்பம் ஒனக்கு? ஒனக்கு ஊருக்குப் போணும்னு இருக்காம்மா?"

இதை நான் மொழிபெயர்க்கவே தேவைப்படவில்லை. மேடம் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். "வகுப்பறையில் நிற்பது எனக்கு மிகவும் பிடிக்கும், அக்கா" என்றார். பிறகு, யாரிடமும் சொல்லக்கூடாது என்று அம்மாவின் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். அம்மா தலையாட்டினாள்.

அம்மாவைத் தெரிந்தவர்களுக்கு அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று தெரியும். அன்றைக்கு முழுக்க அவள் பாத்திரங்களை வைத்த சத்தம் தெருக்கோடிக்குக் கேட்டிருக்கும். அந்த மனுஷன் பெண்டாட்டியை அடிக்கவில்லை என்பதில் அவளுக்கு நிம்மதி. ஆனால் நல்லா இருக்கிற ஒருத்தி நாள் முழுக்கக் கட்டிலில் கிடக்கிறாளே என்ற கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. "அவ நோவுன்னு நெனச்சி அவரு உருகுதாரு. அவரு தாங்கமாட்டாருன்னு இவ படுத்துக் கெடக்கா. ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்குள்ள இருந்துகிட்டு இப்படி உண்டுமா?" என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா இந்தத் தடவை தலையிடாதே என்று சொல்லவில்லை. தொழிற்சாலையில் சேர்ந்த புதிதில் அந்த வாடை தாங்காமல் தானும் வாசல் கேட்டுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்ததையும், வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்ததையும் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொன்னார். அம்மா அவரை முறைத்தாள். "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள். "எப்படிச் சொல்ல?" என்றார் அப்பா. அண்ணன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டே சாப்பிட்டான். அதற்குப் பிறகு அவன் வீட்டில் தவளைச் சத்தம் போட்டுக் காட்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை. மழை சற்று விட்டிருந்தது. பொதுக் குழாயடியில் சார் படுக்கை விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தார். அவர்களுடைய பிழியும் இயந்திரம் அதற்குள் துருப்பிடித்துப்போயிருந்தது. அம்மா குடத்தை வைத்துவிட்டு, சேலையை இடுப்பில் செருகினாள்.

"சார், ஒங்க வீட்டம்மாவுக்கு ஒரு சீக்கும் கெடையாது. ஒங்களுக்காவத்தான் படுத்துக் கெடக்காவ. நீங்க கிளாசுல படுத பாடு அவியளுக்குத் தெரியும்."

அவர் என்னைப் பார்த்தார்.  சொல்லாதே என்று மேடம் கையைப் பிடித்துக் கேட்டதை நானும் பார்த்தவள்தானே. அம்மா என் முதுகில் ஒரு குத்து வைத்தாள்.

"உங்கள் மனைவிக்கு நோய் இல்லை, சார். வகுப்பில் நீங்கள் படும் துன்பம் அவருக்குத் தெரியும். நீங்கள் ஊருக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பதற்காக அவர் படுத்திருக்கிறார்."

விரிப்பிலிருந்து தண்ணீர் அவர் காலில் சொட்டிக்கொண்டே இருந்தது. "அவளுக்கு நோய் இல்லையா?" என்று கேட்டார். மறுபடியும் கேட்டார். பிறகு அந்த ஈர விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே உள்ளே போனார்.

நாங்கள் சுவருக்கு இந்தப் பக்கம் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தோம்.  முதலில் மேடத்தின் குரல். பிறகு அவருடைய குரல். பிறகு இரண்டும் ஒரே நேரத்தில். ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. அவர் கத்தினார். அவரைவிட அதிகமாக அந்த அம்மா கத்தினார். இத்தனை மாதத்தில் அந்த வீட்டில் சண்டை என்று நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"இப்பந்தான் புருசன் பொஞ்சாதி இருக்க வீடு மாதிரி இருக்கு" என்றாள்.

ஆனால் மறுநாள் பெட்டிகளை இழுக்கிற சத்தம் கேட்டது. தகரம் சிமெண்டுத் தரையில் உரசுகிற சத்தம். அம்மாவுக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமோ என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்த இரண்டு பேரும் எங்கள் வீட்டுப் பக்கமே திரும்பவில்லை. நான் படியில் போய் உட்கார்ந்து பார்த்தேன். கதவு திறக்கவில்லை.

மிஷன் தலைவர் பம்பாயிலிருந்து வந்த அன்று லேத் பட்டறை ஆட்கள்கூட வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். பருத்த உடம்பு, வழுக்கைத் தலை, மராத்திக்காரர், வெள்ளை அங்கி. பெரிய மிஸ் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். நோயாளி இருக்கிற வீடு என்பதால் டீ எங்கள் வீட்டிலிருந்து போனது. தட்டைத் தூக்கிக்கொண்டு போனவள் நான். உள்ளே போனால் மேடம் கட்டிலில் இல்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தலைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பெரிய மிஸ்ஸையும் பார்த்தார்.

சார் நின்றுகொண்டே பேசினார். நடந்ததை இங்கிலீஷில் ஒளிக்காமல் சொன்னார்.

"என் மனைவிக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, ஐயா. எனக்குத்தான் முடியவில்லை. பையன்கள் முன்னால் நிற்க எனக்கு வராது. முயற்சி பண்ணிப் பார்த்துவிட்டேன். அவளுக்கு வரும். அவளை இருக்கவிட்டு என்னை என்ன செய்வதென்று நீங்கள் சொல்லுங்கள். போகச் சொன்னால் பெட்டி கட்டியாயிற்று."

   தலைவர் என் தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

"உங்களுக்குக் கூரை போடத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்."

"பம்பு?"

"தெரியும்."

"மாடு?"

"ஆடுதான் அதிகம் பழக்கம். மாடும் தெரியும்."

தலைவர் பெரிய மிஸ் பக்கம் திரும்பி மராத்தியில் பொரிந்து தள்ளினார். அதை நான் முழுக்கப் புரிந்துகொண்டேன். அவர் சொன்னது இதுதான்: தளேகாவ் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்து தங்கியிருக்கிற பையன்களின் ஹாஸ்டல், வார்டன் விட்டுவிட்டுப் போனதிலிருந்து நாதியில்லாமல் கிடக்கிறது. கூரை ஒழுகுகிறது. கிணற்று மோட்டார் ஓடவில்லை. பையன்கள் ஈரப் பாயில் படுக்கிறார்கள். ஆள் வேண்டும் ஆள் வேண்டும் என்று நான் எல்லா ஊருக்கும் சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். இங்கே ஒருத்தன் இத்தனை மாதமாகப் பின்னக் கணக்குப் போட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறான். உங்களுக்குக் கண் இல்லையா?

பெரிய மிஸ் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தலைவர் இங்கிலீஷுக்கு மாறி, அதே கோபத்தோடு சாரிடம் சொன்னார்: "மகனே, இதை ஜூன் மாதமே சொல்லியிருக்கக் கூடாதா?"

அவ்வளவுதான் நடந்தது. மேடத்துக்குப் பெரிய பையன்களின் வகுப்பைக் கொடுத்தார்கள். முதல் நாள் அண்ணனும் மற்றவர்களும் தவளைக் கச்சேரியை ஆரம்பித்ததும், மேடம் கரும்பலகையிலிருந்து திரும்பி, "இன்னும் கொஞ்சம் தாழ்ந்த குரலில், பின்வரிசை சேர்ந்து வரவில்லை" என்று கையை வீசிப் பாட்டு வாத்தியார் மாதிரி நடத்திக் காட்டினாராம். பாடவும் முடியாமல், நிறுத்தவும் முடியாமல் பையன்கள் விழித்திருக்கிறார்கள். அத்தோடு சரி. சார் ஹாஸ்டல் கூரையில் ஏறினார். அவர் இறங்கி நான் பார்த்ததே அபூர்வம். அதே பையன்கள் அவருக்கு ஏணி பிடித்தார்கள். இரண்டு பேரும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஹாஸ்டலை ஒட்டிய வீட்டுக்குக் குடிபோனார்கள். வரிசை வீடுகளில் இருந்தவர்கள் பெட்டிகள் போவதைப் பார்த்துவிட்டு, ஊருக்குத்தான் போகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நம்மில் பல பேரின் வீட்டிலும் அந்த வருஷம்தான் நிகடிக்கும் சிஞ்ச்வடுக்கும் வீடு மாறினார்கள். தப்புக் கதை உங்களோடு வந்துவிட்டது. நான் காலேஜ் முடிக்கிற வரைக்கும் அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். அந்த ஹாஸ்டலில் படித்த பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.

இப்போது யோசித்தால் ஒன்று தோன்றுகிறது. தினமும் குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிற ஆம்பிளைக்கு ஒரு குறையும் இருக்காது என்று எல்லாரும் நினைத்தார்கள். டாக்டர்கூட அந்த அம்மாவின் நாடியைத்தான் பிடித்துப் பார்த்தார். அவரை யாரும் பார்க்கவில்லை.

அவர்கள் குடிபோவதற்கு முந்தின நாள் மத்தியானம் மேடம் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவிடம் கோபமாகப் பேசப்போகிறார் என்று நான் ஒளிந்துகொள்ள இடம் தேடினேன். அவர் அம்மாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். பிறகு, "அக்கா, எனக்குத் தூக்கம் வருகிறது" என்றார். இத்தனை நாள் கட்டிலில் கிடந்தாரே தவிர, சார் எழுந்து நடமாடுகிற ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டுக்கொண்டு விழித்துத்தான் கிடந்திருக்கிறார். அம்மா கூடத்தில் பாய் விரித்தாள். தலையணையை வைத்த உடனே மேடம் தூங்கிப்போனார். கொஞ்ச நேரத்தில் லேசாகக் குறட்டைகூட வந்தது. அம்மா ரேடியோவை நிறுத்தினாள். வாசலில் அப்பாவும் சாரும் வறுத்த வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் பேச ஒரு விஷயமும் இல்லை, அதைப் பற்றிக் கவலையும் இல்லை. வெயில் வந்திருந்தது. எல்லா வீட்டுக் கயிற்றிலும் கம்பளி காய்ந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் சைக்கிளில் பாவ் ரொட்டி கொண்டு வருகிறவர், தெருமுனையிலிருந்தே ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு வந்தார். அம்மா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். உதட்டில் விரலை வைத்தாள். அவர் வாசல் வழியாக எட்டி, பாயில் கிடந்த மேடத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் உடம்பு தேறவில்லையா என்று மராத்தியில் இரக்கத்தோடு கேட்டார்.

அம்மா தன்னிடம் இருந்த மராத்தியை எல்லாம் திரட்டினாள்.

"பரீ ஆஹே" என்றாள். "ஜோப்லீ ஆஹே."

நல்லா இருக்கா. தூங்குதா.